இரண்டு ஃப்ளாப்பி தூரத்தில் லினக்ஸ்

ஓரிக்கையில இருந்து பேசுறேன். நடுவுல உத்திரமேரூர் பஸ் ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க.

இன்னைக்கு ஒரு எரர் மெசேஜோட வரலாறு. உபுண்டு அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் பண்ணினதும் கருப்புத் திரையில "கெர்னல் பேனிக், அன்ஏபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ்"னு வந்து சிஸ்டம் அப்படியே நின்னதைப் பார்த்திருக்கீங்களா? அந்த வரிக்கு உங்களில் பலரை விட வயசு அதிகம். இப்போ எஸ்எஸ்டியில ஓடுற மெஷினில் வர்ற அந்த வரி, ஃப்ளாப்பி காலத்துல எழுதப்பட்டது. அந்தக் காலத்தை நான் நேரில் பார்த்ததில்லை. பழைய ஹவ்டு ஆவணங்களைப் படிச்சு, பழைய இமேஜ்களை எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

முதல்ல கணக்கு. மூன்றரை அங்குல ஃப்ளாப்பியில் ஒரு பக்கத்துக்கு 80 டிராக், ஒரு டிராக்குக்கு 18 செக்டர், ஒரு செக்டருக்கு 512 பைட். இரண்டு பக்கமும் சேர்த்து 14,74,560 பைட். வாட்ஸ்அப்பில் வர்ற ஒரு குட்மார்னிங் போட்டோவே சில சமயம் இதுல அடங்காது. இதுக்குள்ள ஒரு கெர்னலும் வேணும். அந்தக் கெர்னல் எழுந்ததும் ஓட்ட ஒரு ஷெல், பார்ட்டிஷன் பிரிக்கும் புரோகிராம், இன்ஸ்டாலர் எல்லாம் அடங்கிய ஒரு ஃபைல் சிஸ்டமும் வேணும். இரண்டையும் ஒரே டிஸ்கில் திணிப்பது கஷ்டம். அதனால பிரிச்சாங்க: கெர்னல் இருப்பது பூட் ஃப்ளாப்பி, ஃபைல் சிஸ்டம் இருப்பது ரூட் ஃப்ளாப்பி. 1991 டிசம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட 0.11 பதிப்பே இப்படி இரண்டு இமேஜாகத்தான் வந்தது. 1993 ஜூலையில் பேட்ரிக் வோல்கர்டிங் தொடங்கிய ஸ்லாக்வேரும் அதே வழியில் போனது.

எங்க ஊர்ப் பெயருக்கு ஒரு கதை சொல்வாங்க. ராஜா கணிகண்ணனைக் காஞ்சியை விட்டுப் போகச் சொல்லிட்டான். உடனே அவரோட குரு திருமழிசை ஆழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் கூப்பிட்டதால் திருவெஃகா பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கிட்டுப் பின்னாடியே போயிட்டார். அவங்க ஒரு ராத்திரி தங்கின இடம் 'ஓரிரவு இருக்கை'. அது மருவி ஓரிக்கை. ரூட் ஃப்ளாப்பியும் கெர்னலுக்கு ஒரு ஓரிரவு இருக்கைதான். ஹார்ட் டிஸ்கில் சொந்த வீடு தயாராகிற வரைக்கும் மெமரியில் ஒரு ராம்டிஸ்க் உருவாக்கி, ரூட் ஃப்ளாப்பியில் இருப்பதை அதுல இறக்கி, கெர்னல் அங்கேயே குடியிருக்கும்.

இந்தியாவுக்கு இது எப்படி வந்தது? விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தது 1995 ஆகஸ்ட் 15. 9600 பிட் மோடத்தில் லைன் ஒரு தடவை கூட அறுந்து போகாம இருந்தா, ஒரு ஃப்ளாப்பி அளவு டேட்டா இறங்க இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும். முழு ஸ்லாக்வேருக்கு எத்தனை ஃப்ளாப்பின்னு நினைச்சா, டெலிபோன் பில்லை யார் கட்டுவதுன்னுதான் முதல்ல தோணும். அதனால 1996ல் பிசி குவெஸ்ட் பத்திரிகை ஸ்லாக்வேரை சிடியில் போட்டு வாசகர்களுக்குக் கொடுத்தது பெரிய விஷயம். அந்த முயற்சிக்குப் பின்னால் இருந்தவர் பெங்களூரின் அதுல் சிட்னிஸ். பத்திரிகை வாங்கினா லினக்ஸ் கையில்.

கையில்தான், கம்ப்யூட்டரில் இல்லை. சிடியிலிருந்து நேரடியாக பூட் பண்ணும் எல் டோரிட்டோ விதிமுறை வெளிவந்ததே 1995ல்தான். அதுக்கு முந்தின பயாஸ் இருந்த மெஷின் எதுவும் சிடியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நூற்றுக்கணக்கான எம்பி சரக்கு சிடியில் இருந்தாலும், அதுக்கான கதவு இரண்டு ஃப்ளாப்பியில் இருந்தது. அந்த இரண்டையும் டாஸில் உட்கார்ந்து, சிடியில் இருக்கும் இமேஜிலிருந்து, ராரைட் என்கிற சின்ன புரோகிராமை வைச்சு நாமேதான் தயாரிக்கணும்.

இனிமேதான் மர்மக் கதை. மெஷின் எந்த வரியில் நின்னதுன்னு பார்த்தா, குற்றவாளி யாருன்னு தெரிஞ்சிடும்.

"நான் சிஸ்டம் டிஸ்க்"னு பயாஸ் கட்டத்திலேயே நின்னுட்டா, ராரைட்டுக்குப் பதிலா டாஸ் காப்பி கமாண்ட் போட்டிருக்கீங்கன்னு அர்த்தம். காப்பி பண்ணினா இமேஜ் ஒரு சாதாரண ஃபைலாகப் போய் உட்காரும். முதல் செக்டரில் டாஸ் எழுதினதே இருக்கும். ராரைட் அப்படியில்லை, முதல் செக்டரிலிருந்து வரிசையாக அச்சு அசலாக எழுதும்.

"லோடிங்"னு வந்து, புள்ளி புள்ளியா ஓடி, நடுவுல நின்னா ஃப்ளாப்பியில் கெட்ட செக்டர். பலரும் குழம்பின இடம் இது: "இதே ஃப்ளாப்பி டாஸ்ல நல்லா ஓடுதே?" ஓடும். டாஸ் ஃபார்மட் பண்ணும்போதே கெட்ட செக்டரைக் குறிச்சு வைச்சுக்கிட்டு, அதைத் தாண்டி எழுதும். இமேஜுக்கு அந்த வசதி கிடையாது. 2,880 செக்டரில் இமேஜ் உட்கார்ந்த இடத்துல ஒன்று சொத்தையானாலும் போச்சு. ஹவ்டு ஆவணங்கள் சலிக்காம சொல்றதும் இதைத்தான்: புது ஃப்ளாப்பி எடு, ஃபார்மட் பண்ணு, ஒரு கெட்ட செக்டர் காட்டினாலும் தூக்கிப் போடு. தூக்கிப் போடுறது எளிதா என்ன? பாக்கெட் மணியில் வாங்கின ஃப்ளாப்பி ஆச்சே. இன்னொரு தொல்லையும் உண்டு. கல்லூரி லேபில் எழுதின ஃப்ளாப்பியை வீட்டு டிரைவ் படிக்காது. டிரைவோட ஹெட் ஒரு மயிரிழை விலகி இருந்தா போதும்.

கெர்னல் எழுந்து, "ரூட் ஃப்ளாப்பியைப் போட்டு என்டர் தட்டு"ன்னு கேட்டுட்டா, பூட் ஃப்ளாப்பி நிரபராதி. அதுக்கப்புறம் "சரியான ராம்டிஸ்க் இமேஜ் இல்லை"ன்னு வந்தா, தப்பான ஃப்ளாப்பியைப் போட்டிருக்கீங்க, இல்லைன்னா பூட் ஃப்ளாப்பியை மாத்தவே மறந்துட்டீங்க. "கம்ப்ரஸ்டு இமேஜ் கிடைச்சது"ன்னு சொல்லிட்டு சிஆர்சி எரர் கொடுத்தா, ரூட் ஃப்ளாப்பி படிக்கும்போது சிதைஞ்சிருக்கு. எமுலேட்டரில் ஒரு ரூட் இமேஜை எடுத்து நடுவுல நாலஞ்சு பைட்டை வேணும்னே மாத்திப் பார்த்தேன். இதே வரி வந்தது, அதுக்கு அடுத்து நம்ம கெர்னல் பேனிக். தொண்ணூறுகளின் பிற்பாதியில் ரூட் இமேஜை ஜிஜிப் சுருக்கத்தோடே அப்படியே எழுதணும்; கெர்னலே பிரிச்சுக்கும். முதல்லயே பிரிச்சுட்டு எழுதப் போனா ஃப்ளாப்பியில் இடம் பத்தாது. நாலு எம்பி ராம் இருந்த மெஷினில், எல்லாம் சரியா எழுதியிருந்தும் ராம்டிஸ்க்குக்கு இடமில்லாம மூச்சு முட்டும்.

இதையெல்லாம் தாண்டி இன்ஸ்டாலர் வந்து, "சிடி டிரைவைக் காணோம்"னா? பூட் ஃப்ளாப்பித் தேர்வு தப்பு. ஸ்லாக்வேரில் பூட் இமேஜே ஏகப்பட்டது. சாதா ஐடிஇ மெஷினுக்கு 'பேர் டாட் ஐ'. சவுண்ட் கார்டில் செருகும் பேனசோனிக், கிரியேட்டிவ் வகை சிடி டிரைவுக்கு 'எஸ்பிபிசிடி டாட் ஐ'. மிட்சுமிக்கு வேற. எல்லா டிரைவரையும் ஒரே கெர்னலில் வைக்க இடமில்லாததால வந்த வினை. உங்க கம்ப்யூட்டருக்குள்ள என்ன இருக்குன்னு ஸ்க்ரூடிரைவர் வைச்சுத் திறந்து பார்த்தாத்தான் லினக்ஸ் போட முடியும்.

ஒரே ஆள், ஒரே மெஷின், இரண்டு சந்தேகமான ஃப்ளாப்பின்னு இருந்தா இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும். பக்கத்துல நல்ல பூட் ஃப்ளாப்பியும் ஏற்கெனவே அடிபட்ட அனுபவமும் உள்ள ஒருத்தர் இருந்தா அஞ்சு நிமிஷம். பயனர் குழுக்களோட தேவை எனக்குப் புரிஞ்சது இந்த இடத்துலதான். 1998 ஜனவரியிலிருந்து சென்னையில் இயங்கும் லினக்ஸ் பயனர் குழு மாசம் ஒரு சனிக்கிழமை கூடுவதை வழக்கமாக வைத்திருந்தது. பிற்காலத்தில் எங்க காஞ்சிபுரத்துக்கும் தனியாக ஒரு குழு வந்து, தமிழிலேயே பேசிக்கிறாங்க.

அப்புறம் சிடி பூட் பரவியது. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலை ஃப்ளாப்பியில் நேரடியாக எழுதி பூட் பண்ணினா, "இது இனி கிடையாது, பூட் லோடர் பயன்படுத்து"ன்னு சொல்லிட்டு நின்னுடும். ஆனா இரண்டாப் பிரிக்கிற பழக்கம் போகலை. உங்க லேப்டாப்பில் பூட் ஃபோல்டரைத் திறங்க: விஎம்லினஸ்னு ஒரு ஃபைல், இனிட்ஆர்டினு ஒரு ஃபைல். முதலாவது பூட் ஃப்ளாப்பி, இரண்டாவது ரூட் ஃப்ளாப்பி. பூட் பார்ட்டிஷன் நிரம்பி, அப்டேட் நடுவில் இரண்டாவது ஃபைல் சரியா உருவாகாம போனா வருவது அதே பேனிக்தான். முன்னாடி ரூட் எந்த டிஸ்கில் இருக்குன்னு ஆர்டெவ் என்கிற கமாண்டால் கெர்னலின் 508, 509ஆவது பைட்டில் எழுதி வைப்பாங்க. யாரும் பயன்படுத்துறதில்லைன்னாலும் இன்டெல், ஏஎம்டி மெஷின்களுக்கான கெர்னலில் அந்த இரண்டு பைட் இன்னும் அதே இடத்தில் இருக்கு.

கடைசியா ஒரு கோரிக்கை. வீட்டுப் பரணில், மாமாவோட பழைய பெட்டியில் ஃப்ளாப்பி கிடைச்சா உடனே டிரைவில் போடாதீங்க. மூலையில் இருக்கும் சின்னத் தாழைத் தள்ளி ஓட்டை தெரியிற மாதிரி வைங்க. அப்போதான் அதுல எதுவும் எழுதப்படாது. யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் வாங்கி, டிடிரெஸ்க்யூ வைச்சு இமேஜ் எடுங்க. படிக்க முடியாத செக்டரைத் தாண்டிப் போய் மிச்சத்தைக் காப்பாத்தும். லேபிளையும் போட்டோ எடுத்துடுங்க. அதுல பேனாவால 'பேர் டாட் ஐ'ன்னு எழுதியிருந்தா, எனக்கு ஒரு மெயில் போடுங்க.