கட்டட ஆற்றல் சிமுலேஷன்

ஒரு கட்டடம் எழும்புவதற்கு முன்பே, ஆண்டு முழுவதும் அது எவ்வளவு மின்சாரமும் எரிபொருளும் எடுக்கும், எந்த மாதத்தில் எந்த வேளையில் உள்ளே எவ்வளவு வெக்கை இருக்கும் என்பதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் முறை கட்டட ஆற்றல் சிமுலேஷன். சுவர், கூரை, ஜன்னல், ஆட்கள், விளக்கு, ஏசி, வெளியே அடிக்கும் வெயில், வீசும் காற்று எல்லாம் எண்களாக உள்ளே போகின்றன. ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் தனித்தனியாக வெப்ப வரவுசெலவு போடப்படுகிறது. அரை நூற்றாண்டுக்கு மேலான இந்த ஆராய்ச்சியில் சுவருக்குள் வெப்பம் எப்படிப் போகிறது என்ற கேள்வி 1970களிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. உள்ளே இருப்பவர் என்ன செய்வார் என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.

தோற்றம்

கணினி வருவதற்கு முன் ஏசி பொறியாளர்கள் ஆண்டின் மிகக் கடுமையான ஒரு வெயில் நாளுக்கு மட்டும் கணக்குப் போட்டார்கள். எத்தனை டன் எந்திரம் வாங்குவது என்று முடிவு செய்ய அது போதும். ஆண்டுச் செலவைச் சொல்லப் போதாது. சிக்கல் சுவரின் தாமதத்தில் இருந்தது. நண்பகல் வெயில் மொட்டை மாடியில் ஏற்றும் சூடு கான்கிரீட்டைக் கடந்து கீழறைக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகிறது. ஆகவே இந்த மணி நேரத்து வெப்ப ஓட்டத்தை அறிய, கடந்துபோன பல மணி நேரங்களின் வெப்பநிலையும் கையில் இருக்க வேண்டும்.

இதற்கு வழி கண்டவர்கள் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த ஸ்டீபன்சன், மிட்டாலாஸ் இருவரும். சுவரின் ஒரு பக்கத்தில் வெப்பநிலை முக்கோண வடிவில் ஒரு டிகிரி ஏறி இறங்கினால், மறுபக்கத்தில் முதல் மணியில் எவ்வளவு வெப்பம் வரும், இரண்டாம் மணியில் எவ்வளவு, பத்தாம் மணியில் எவ்வளவு என்று ஓர் எண் வரிசையை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்வது அவர்கள் 1967 இல் வெளியிட்ட முறை. எந்த நாளின் வெப்பநிலையையும் இப்படிப்பட்ட முக்கோணங்களின் கூட்டாகப் பிரித்துவிடலாம். மிச்ச வேலை பெருக்கலும் கூட்டலும்தான். அன்றைய கணினிகளுக்குத் தோதான உத்தி இது. 1971 இல் முந்தைய மணிகளின் வெப்ப ஓட்டத்தையும் கணக்கில் சேர்த்து, அந்த நீண்ட எண் வரிசையைச் சில எண்களாகச் சுருக்கினார்கள். இன்றைய முன்னணி மென்பொருளான எனர்ஜிபிளஸ், பயனர் வேறொன்றைக் கேட்காதவரை, இந்தச் சுருக்கிய முறையின் வழியில்தான் சுவரைக் கணக்கிடுகிறது.

அமெரிக்காவின் தேசியத் தர அளவைப் பணியகத்தில் தமாமி குசுடா இத்துறைக்குள் வந்த வழி விசித்திரமானது. பனிப்போர்க் காலத்தில், அணுகுண்டுக் கதிரியக்கத்திலிருந்து தப்ப மக்கள் அடைந்துகிடக்கும் நிலத்தடிக் காப்பறைகளில் வெக்கை எவ்வளவு ஏறும் என்று கணக்கிடுவதில்தான் அவருடைய தொடக்க வேலை அமைந்தது. 1970 இல் மேரிலாந்து மாநிலத்தின் கெய்தர்ஸ்பர்க்கில், கட்டடச் சூழல் பொறியியலில் கணினியைப் பயன்படுத்துவது பற்றிய முதல் கருத்தரங்கை அந்தப் பணியகம் கூட்டியது. அங்கேயே ஒரு பெரிய சோதனைக் கூடத்துக்குள் செங்கல், காரை வேலையோடு ஒரு சிறு கட்டடத்தைக் கட்டி, அதைச் சுற்றியிருக்கும் காற்றைச் செயற்கையாகச் சூடாக்கியும் குளிர்வித்தும், கணக்கு சொன்னதும் வெப்பமானி காட்டியதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தார்கள். அந்த அறிக்கை 1973 இல் வந்தது. அதே ஆண்டு எண்ணெய் நெருக்கடியும் வந்தது. அதுவரை ஒரு சிலரின் ஈடுபாடாக இருந்த துறைக்கு அரசுப் பணம் பாய்ந்தது.

அதன்பின் மென்பொருள்கள் வரிசைகட்டின. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சூரிய ஆற்றல் ஆய்வகத்திலிருந்து 1975 இல் ட்ரான்சிஸ், அமெரிக்க ராணுவத்தின் கட்டுமான ஆய்வகத்திலிருந்து பிளாஸ்ட், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திலிருந்து டிஓஇ-2, கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தில் ஜோ கிளார்க் வளர்த்தெடுத்த ஈஎஸ்பி-ஆர். ஒரே அரசின் பணத்தில் பிளாஸ்டும் டிஓஇ-2வும் ஒன்றுக்கொன்று போட்டியாக ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஓடின. இரண்டின் நல்ல பகுதிகளையும் சேர்த்து எனர்ஜிபிளஸை எழுதும் வேலை 1996 இல் தொடங்கி, முதல் பதிப்பு 2001 இல் வெளியானது. துறையின் பன்னாட்டுச் சங்கம் தன் முதல் மாநாட்டை 1989 இல் வான்கூவரில் நடத்தியது. 2015 மாநாடு ஹைதராபாத்தில் நடந்தது.

கணக்கு எப்படி நடக்கிறது

அடிப்படை வெப்பச் சமநிலை. சுவரின் வெளிப்பரப்பில் விழும் வெயில், வானத்தை நோக்கி அது வெளிவிடும் கதிர்வீச்சு, காற்று அள்ளிச்செல்லும் வெப்பம், உள்ளே கடத்தப்படும் வெப்பம் ஆகியவற்றின் கூட்டுத்தொகை பூஜ்யமாக வேண்டும். உட்பரப்புக்கும் இதே கணக்கு உண்டு. அறைக் காற்றுக்கு மூன்றாவது சமன்பாடு: சுவர்கள் தருவது, இடுக்குகளில் புகும் காற்று கொண்டுவருவது, ஆட்களும் கருவிகளும் வெளிவிடுவது, ஏசி எடுத்துச்செல்வது. மூன்றையும் ஒருசேரத் தீர்த்து அடுத்த நேரப் படிக்கு நகர வேண்டும். இப்போது ஒரு படி என்பது பெரும்பாலும் பத்து, பதினைந்து நிமிடம்.

ஈரப்பதம் தனித் தலைவலி. கடலோர ஊர்களில் ஏசியின் உழைப்பில் கணிசமான பங்கு காற்றிலுள்ள நீரைப் பிழிந்தெடுப்பதற்கே போகிறது. சுவர்ப் பூச்சும் மெத்தையும் திரைச்சீலையும் இரவில் ஈரத்தை உறிஞ்சிப் பகலில் விடுகின்றன. குளிர்நாடுகளில் பிறந்த பழைய மென்பொருள்கள் இதைக் கண்டும் காணாமல் விட்டன. பின்னர் வந்தவற்றில் இதற்கென்றே மாதிரிகள் சேர்க்கப்பட்டன.

வானிலைக்கு ஒரு ‘வகைமாதிரி ஆண்டு’ பயன்படுகிறது. பல்லாண்டுப் பதிவுகளில் எந்த ஜனவரி மற்ற ஜனவரிகளை நன்றாகப் பிரதிபலிக்கிறதோ அது, எந்த பிப்ரவரி அப்படியோ அது என்று பன்னிரண்டு மாதங்களைப் பொறுக்கி ஒட்டிய ஆண்டு இது. உண்மையில் அப்படி ஓர் ஆண்டு நடந்ததே இல்லை. சராசரியைத் தேடித் தேர்ந்தெடுத்ததால் கொடும் வெயில் அலைகள் இதில் பெரும்பாலும் விடுபட்டுப்போகின்றன.

மென்பொருளைச் சோதித்தல்

விடை சரியா என்று எப்படிச் சொல்வது? அமெரிக்கச் சூரிய ஆற்றல் ஆய்வு நிறுவனத்தில் ரான் ஜட்காஃபும் உடனிருந்தோரும் 1983 இல் மூன்று வழிகளை வகுத்தார்கள்: கணிதத்தில் துல்லியமான விடை தெரிந்த எளிய நிலைகளோடு ஒப்பிடுவது, அளந்த தரவோடு ஒப்பிடுவது, மென்பொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது. மூன்றாவது வழியில் பிறந்ததுதான் ஜட்காஃபும் ஜோயல் நெய்மார்க்கும் பன்னாட்டு ஆற்றல் முகமையின் திட்டத்துக்காக 1995 இல் வெளியிட்ட பெஸ்டெஸ்ட். பின்னர் அது அமெரிக்க ஏசிப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் தரநிலை 140 ஆயிற்று.

அதில் 600 என்ற எண்ணுள்ள சோதனையைச் சற்று உற்றுப் பார்க்கலாம். 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரமுள்ள ஒற்றை அறை. உள்ளே தடுப்பு எதுவும் இல்லை. தெற்குச் சுவரில் மொத்தம் 12 சதுர மீட்டர் கண்ணாடி. எடை குறைந்த சுவர்கள், 200 வாட் உள்வெப்பம், மணிக்கு அறைக் கொள்ளளவில் பாதி அளவு கசிவுக் காற்று. 20 டிகிரிக்குக் கீழே போனால் சூடாக்க வேண்டும், 27க்கு மேலே போனால் குளிர்விக்க வேண்டும். வானிலை கொலராடோவின் டென்வர் நகரத்தது. ஒரு தீப்பெட்டி அளவுக்கு எளிய இந்த அறைக்கு அன்றைய முன்னணி மென்பொருள்கள் தந்த ஆண்டுச் சூடாக்கத் தேவை 4,296 யூனிட்டிலிருந்து 5,709 யூனிட் வரை பரவியிருந்தது. குளிர்விப்புத் தேவை 6,137 முதல் 7,964 வரை. உள்ளீடு எல்லாருக்கும் ஒன்றே, மனிதர்கள் கிடையாது, கதவைத் திறந்துவைப்பவர் கிடையாது. அப்படியும் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி. அதே அறைக்குக் கனமான கான்கிரீட் சுவரும் தரையும் கொடுத்த 900 ஆம் சோதனையில் சூடாக்கத் தேவை 1,170 முதல் 2,041 யூனிட்டுக்கு இறங்கியது. விடைகள் சிதறினாலும், கனமான சுவர் டென்வரில் பெருமளவு மிச்சம் பிடிக்கும் என்பதில் எந்த மென்பொருளும் மாறுபடவில்லை. சிமுலேஷனை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. இரண்டு வடிவமைப்புகளில் எது மேல் என்று கேட்டால் நன்றாகச் சொல்லும். அடுத்த ஆண்டு கரண்ட் பில் எவ்வளவு என்று கேட்டால் தடுமாறும்.

கணிப்புக்கும் அளவீட்டுக்கும் இடையே

மென்பொருளைத் தாண்டிய இடைவெளியை முதலில் எண்ணிக்காட்டியது நியூஜெர்சியின் ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பு. 1970களில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் சோகோலோ குழு அங்கே ஒரே வரைபடத்தில் ஒரே கட்டுநர் கட்டிய வரிசை வீடுகளை ஆண்டுக்கணக்கில் அளந்தது. ஒரே மாதிரி வீடுகளில் சிலவற்றின் எரிவாயுச் செலவு மற்றவற்றைப்போல் இரு மடங்குக்கும் மேல். கட்டுமானக் குறையா, குடியிருப்பவரா? ராபர்ட் சோண்டரெகர் 1978 இல் வெளியிட்ட ஆய்வில், ஆள் மாறிய வீடுகளையும் மாறாத வீடுகளையும் பிரித்துப் பார்த்தார். ஆள் மாறாத வீடுகள் தங்கள் இடத்திலேயே நின்றன. ஆள் மாறியவற்றிலோ முன்பு அதிகம் செலவழித்த வீடு என்பதால் இனியும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியவில்லை. எளிமையான யோசனை, இத்துறையின் அழகான ஆய்வுகளில் ஒன்று.

அலுவலகங்களிலும் இதே கதை. அமெரிக்காவில் லீட் என்ற பசுமைக் கட்டடச் சான்றிதழ் பெற்ற 121 கட்டடங்களை நியூ பில்டிங்ஸ் இன்ஸ்டிட்யூட் 2008 இல் ஒப்பிட்டபோது, மொத்தச் சராசரி கணிப்போடு ஓரளவு பொருந்தியது. தனித்தனியாகப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்டவை கணிப்பிலிருந்து 25 விழுக்காட்டுக்கு மேல் விலகி நின்றன. ஒரே பக்கமாகச் சாயும் விலகலும் உண்டு. ஜெர்மனியின் ஏறக்குறைய 3,400 வீடுகளின் தரவை ஆராய்ந்த சுனிக்கா-பிளாங்க், கால்வின் இருவரும், குடியிருப்பவர்கள் கணக்கு சொல்வதைவிடச் சராசரியாக 30 விழுக்காடு குறைவாகவே சூடாக்குகிறார்கள் என்று 2012 இல் காட்டினார்கள். வெப்பக்காப்பு மோசமான பழைய வீட்டில் இருப்பவர் எல்லா அறைகளையும் சூடாக்குவதில்லை. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஓர் அறையில் உட்கார்ந்துவிடுகிறார். அப்படிப்பட்ட வீட்டைச் செப்பனிட்டால் இவ்வளவு மிச்சமாகும் என்று காட்டும் அரசுக் கணக்குகள், செலவே ஆகாத எரிபொருளையும் மிச்சக் கணக்கில் எழுதிவிடுகின்றன.

இந்த விலகல் முழுவதையும் ஆராய்ச்சியின் தோல்வி என்பது நியாயமாகாது. விதிமுறைக்கு இணங்குகிறதா என்று பார்க்கப் போடும் கணக்கில் லிஃப்ட், சர்வர், மேசைக் கருவிகள் போன்றவை பல நாடுகளில் சேர்வதே இல்லை. வரைபடத்தில் இருந்த வெப்பக்காப்பு கட்டுமானத்தில் வேறாகிவிடும். ஏசிக் கட்டுப்பாடுகளைச் சரியாக அமைக்காமலே கட்டடத்தை ஒப்படைத்துவிடுவார்கள். மாதிரியை உருவாக்குபவரின் கையும் சேர்ந்துகொள்கிறது: ஒரே கட்டடத்தின் விவரத்தைப் பலரிடம் கொடுத்தால் ஒரே மென்பொருளிலும் ஆளுக்கொரு விடை வருகிறது.

கட்டி முடித்த கட்டடங்களுக்கு, கிடைத்த பில்களோடு பொருந்தும்வரை உள்ளீடுகளைத் திருத்தலாம். மாதக் கணக்கில் சராசரிச் சாய்வு 5 விழுக்காட்டுக்குள்ளும் சிதறல் 15 விழுக்காட்டுக்குள்ளும் இருந்தால் ஆஷ்ரேயின் 14 ஆம் வழிகாட்டி ஏற்றுக்கொள்கிறது. ஆனால் திருத்துவதற்கு நூற்றுக்கணக்கான உள்ளீடுகள் இருக்க, பொருந்த வேண்டியவை பன்னிரண்டு எண்கள்தான் என்றால், தவறான காரணத்துக்காகவும் சரியான விடையை வரவழைத்துவிடலாம்.

குடியிருப்பவரை நிகழ்தகவாக எழுதும் முயற்சி 2000களில் வேகம் பிடித்தது. ஒருவர் எப்போது அறைக்குள் வருவார், எந்த வெப்பநிலையில் ஜன்னலைத் திறப்பார், விளக்கை அணைத்துவிட்டுப் போவாரா என்பவை தனித்தனி மாதிரிகளாயின. 2013 இல் பன்னாட்டு ஆற்றல் முகமையின் 66 ஆம் இணைப்புத் திட்டம் இவற்றைப் பொதுவடிவில் கொண்டுவர முயன்றது. தரவு பெரும்பாலும் ஐரோப்பிய, வட அமெரிக்க அலுவலகங்களிலிருந்து வந்தது என்பது பெரிய குறை.

இந்தியாவில்

ஆற்றல் திறன் பணியகம் 2007 இல் வெளியிட்ட கட்டட ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பு, சிமுலேஷன் வழியாக இணக்கம் காட்டுவதை அனுமதித்தது. சென்னை அதில் வெப்ப-ஈர மண்டலம். குடியிருப்புகளுக்கான 2018 ஆம் ஆண்டின் ஈகோ-நிவாஸ் சம்ஹிதா வேறு வழியில் போனது: சுவர், ஜன்னல் வழியாக வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது என்று, மென்பொருள் ஓட்டாமலே கணக்கிடக்கூடிய ஒரு வாய்ப்பாட்டைக் கொடுத்தது. சிறு கட்டுநர்கள் நிறைந்த நாட்டில் இது புத்திசாலித்தனமான முடிவு.

இந்தியாவின் முக்கியமான ஆராய்ச்சிப் பங்களிப்பு அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தகவமைப்பு வசதி மாதிரி. அகமதாபாத், பெங்களூரு, சென்னை, டெல்லி, சிம்லா ஆகிய ஊர்களில் 16 அலுவலகக் கட்டடங்களில் 6,330 பதில்களைத் திரட்டிச் செய்த ஆய்வு இது. வெளியே முப்பது நாள் ஓடும் சராசரி 30 டிகிரி என்றால், ஜன்னல் திறந்த, ஏசி இல்லாத அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு ஏற்ற வெப்பநிலை 29 டிகிரி என்று அதன் சமன்பாடு சொல்கிறது. தேவைப்படும்போது மட்டும் ஏசி ஓடும் கலப்பு முறைக் கட்டடத்தில் அது ஏறத்தாழ 26. தெர்மோஸ்டாட்டை வழக்கமாக 22, 23இல் வைத்து மாதிரி ஓட்டும் ஆலோசகர்கள் தேவைக்கு மேல் எந்திரம் வாங்கவைக்கிறார்கள் என்பது இதிலிருந்து தானே தெரிகிறது. அரசும் இதே திசையில் நகர்ந்தது: நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகளின் தொடக்க வெப்பநிலை 24 டிகிரியாக இருக்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

இப்போதைய ஆய்வுகள்

ஒற்றைக் கட்டடத்திலிருந்து நகரத்துக்குப் போவது ஒரு போக்கு. கிறிஸ்டோஃப் ரைன்ஹார்ட்டின் எம்ஐடி குழு 2016 இல் பாஸ்டனின் 83,000க்கும் மேற்பட்ட கட்டடங்களுக்கு மாதிரி உருவாக்கியது. ஒவ்வொன்றின் சுவரையும் ஜன்னலையும் யாரும் அளக்கவில்லை. பயன்பாடு, கட்டிய காலம் ஆகியவற்றை வைத்துச் சில பத்து வகைகளாகப் பிரித்து ஒவ்வொரு வகைக்கும் ஒரே உள்ளீடு கொடுத்தார்கள். நகர அளவில் கூட்டும்போது தனித்தனிப் பிழைகள் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்பது கணக்கு.

மற்றொன்று எதிர்கால வானிலை. பெல்ச்சரும் கூட்டாளிகளும் 2005 இல் முன்வைத்த முறையில், பதிவான மணி நேர வெப்பநிலையைக் காலநிலை மாதிரிகள் சொல்லும் மாதச் சராசரி மாற்றத்துக்கு ஏற்ப நகர்த்தியும் நீட்டியும் 2050, 2080 ஆம் ஆண்டுகளுக்கான கோப்பு தயாராகிறது. பழைய ஆண்டின் வடிவம் அப்படியே தங்கிவிடுவதால், இதுவரை பதிவாகாத நீளத்துக்கு வரும் வெயில் அலையை இந்த முறை காட்டாது. மின்சாரம் நின்றுபோன நாட்களில் ஏசி இல்லாமல் அறை எவ்வளவு சூடேறும் என்று கணக்கிடுபவர்கள், அதனால், வகைமாதிரி ஆண்டை விட்டுவிட்டு உண்மையில் நடந்த வெயில் அலைகளின் பதிவுகளையே மாதிரிக்குள் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.