சிறு பிழையும் அதைத் திருத்தும் உரிமையும்

முன்னாளில் அச்சான தமிழ் நூல்கள் பலவற்றில், முதலிலோ இறுதியிலோ ‘பிழையும் திருத்தமும்’ என்ற தலைப்பில் ஒரு பட்டியல் இருக்கக் காணலாம். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு பத்திகள் அதில் அமைந்திருக்கும். அரசாங்க வெளியீடுகளிலும் இத்தகைய வழக்கம் உண்டு. இந்திய அரசிதழில் ஓர் அறிவிக்கை பிழையோடு வெளியாகிவிட்டால், அந்தத் தாளை யாரும் மாற்றுவதில்லை. பின்னொரு நாளில் அதே அரசிதழில் திருத்தக் குறிப்பு ஒன்று வெளிவருகிறது. அச்சிட்டது அச்சிட்டதுதான், திருத்தம் அதன் பக்கத்தில் நிற்கும்.

இந்நாளில் நம் அன்றாட வாழ்வை நடத்தும் எழுத்தில் பெரும்பகுதி அச்சுத்தாளில் இல்லை, கணினிகளில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மென்பொருளுக்கும் துணையாக ஒரு கையேடு உண்டு. எந்தக் கட்டளையை எவ்வாறு தட்டச்சிட வேண்டும், எது தானாக நடக்கும், எது நடவாது என்பதையெல்லாம் அது சொல்லும். மூலநிரல் யாவர்க்கும் திறந்திருக்கும் மென்பொருள்களில், நிரலைப் போலவே கையேட்டையும் எவரும் படித்துத் திருத்தம் அனுப்பலாம். ஓர் எழுத்தைத் திருத்துவதும், விடுபட்ட ஒரு சொல்லைச் சேர்ப்பதும் அற்பமான காரியமென்று பலர் கருதக்கூடும். அந்தக் காரியத்துக்கும் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதனைச் சுருக்கமாக ஆராய்வோம்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்னும் இருவர் யூனிக்ஸ் என்ற இயக்க முறைமையை உருவாக்கினர். அதன் கையேட்டின் முதற் பதிப்பு 1971ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் தேதியிட்டு வெளியாயிற்று. அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் தனிக் குறிப்பு உண்டு. பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் ஆகியவற்றுக்குப் பின்னர் ‘பிழைகள்’ என்றொரு பகுதி வரும். இக்கட்டளையில் இன்ன குறை உள்ளது என்று ஆக்கியோரே அங்கு எழுதி வைத்தனர். அதற்கடுத்தாற்போல், இக்கட்டளைக்கு உரியவர் யார் என்பதும் குறிக்கப்பட்டிருந்தது. குறை கண்டவர் யாரை அணுக வேண்டும் என்பதில் ஐயம் எழ இடமில்லை. தம் பொருளின் குறையைத் தாமே அச்சிட்டு வழங்கிய அந்த நேர்மை, பின்வந்தோர்க்கு ஒரு முன்மாதிரியாயிற்று. லினக்ஸ் கையேட்டின் பக்கங்களில் ‘பிழைகள்’ என்ற அந்தத் தலைப்பு இன்றும் இடம்பெறுகிறது.

அதே காலத்தில், பிழை சுட்டுவோரை மதிக்கும் வழக்கத்தை வேறொரு வகையில் நிலைநாட்டியவர் பேராசிரியர் டொனால்ட் நூத். கணினி நிரலாக்கக் கலையைப் பற்றிய அவருடைய பெருநூலின் முதல் தொகுதி 1968இல் வெளிவந்தது. தம் நூலில் பிழை கண்டு முதலில் தெரிவிப்பவருக்குப் பரிசு அனுப்புவது அவர் வழக்கம். அப்பரிசு பின்னர் 2.56 டாலர் என்று நிலைபெற்றது. பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறையில் 256 என்பதை 100 என எழுதுவார்கள். ஆகவே 256 சென்ட் அம்முறைப்படி ஒரு டாலர் என்பது அவருடைய நகைச்சுவைக் கணக்கு. அவர் அனுப்பிய காசோலையைப் பலர் வங்கியில் செலுத்தாமல் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டனர். காசோலை மோசடிகளின் காரணமாக 2008இல் அவர் காசோலை அனுப்புவதை நிறுத்தி, கற்பனை வங்கியொன்றின் பெயரால் சான்றிதழ் வழங்கும் முறையை ஏற்படுத்தினார். பரிசின் தொகை சிறிது. ஆனால் ஆசிரியரே ஆராய்ந்து ‘நீர் சொன்னது சரி’ என்று ஒப்பிய சான்று அது என்பதே அதன் மதிப்பு.

தம் பிழைகளையும் நூத் மறைக்கவில்லை. டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை அவர் உருவாக்கியபோது, பத்தாண்டுக் காலத்தில் அதில் செய்த திருத்தங்களையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் பதிந்துவந்தார். 850க்கு மேற்பட்ட அப்பதிவுகளைப் பதினைந்து வகையாகப் பிரித்து 1989இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அவ்வகைகளுள் ஒன்று அற்பமான எழுத்துப்பிழை. அற்பம் என்று பெயரிட்டபோதிலும் அதைப் பட்டியலிலிருந்து அவர் தள்ளிவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

உரிய காலத்தில் திருத்தப்படாத சிறு பிழை என்னவாகும் என்பதற்கு இணையத்தின் வரலாற்றில் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. இணையத்தின் விதிமுறைகள் கருத்துரை வேண்டும் குறிப்புகளாக, வரிசை எண்ணிட்டு வெளியிடப்படுகின்றன. முதற் குறிப்பை ஸ்டீவ் கிராக்கர் 1969 ஏப்ரல் 7இல் எழுதினார். ஒருமுறை வெளியான குறிப்பை மாற்றுவதில்லை என்பது அங்கு நெறி. பிழை தெரிந்தால் அதைத் தனிப் பட்டியலில் சேர்ப்பர், அல்லது புதிய எண்ணிட்ட குறிப்பு வெளியிடுவர். நம் அரசிதழின் முறையும் ஏறத்தாழ இதுவே.

வலைப்பக்கங்களைக் கொண்டுதரும் நெறிமுறையை விளக்கும் 1945ஆம் எண் குறிப்பு 1996 மே மாதத்தில் வெளிவந்தது. ஒருவர் எந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்தார் என்பதைத் தெரிவிக்கும் ஒரு தலைப்புச் சொல் அதில் இடம்பெற்றது. ‘ரெஃபரர்’ என்பது அந்தச் சொல். ஆங்கில முறைப்படி அதன் நடுவில் ‘ஆர்’ என்ற எழுத்து இரட்டித்து வரவேண்டும். குறிப்பில் ஒன்றே இருந்தது. குறிப்பு வெளியாகுமுன்பே, 1995இல், இது பேச்சில் வந்தது. அந்நாளைய யூனிக்ஸின் எழுத்துப்பிழை காட்டும் நிரல் இரண்டு வடிவத்தையுமே அறியாது என்று ஆசிரியர்களுள் ஒருவரான ராய் ஃபீல்டிங் அப்போது கூறினார். அதற்குள் பிழையான வடிவம் புழக்கத்தில் பரவிவிட்டது. கணினி மனிதரைப்போல் ‘இன்னதைத்தான் சொல்ல வந்தார்’ என்று ஊகித்துக்கொள்வதில்லை; ஓரெழுத்து வேறுபட்டாலும் அதற்கு அது வேறு சொல். ஆகவே பிழையே விதியாயிற்று. 1999இல் வந்த குறிப்பும், 2022இல் வந்த குறிப்பும் அச்சொல் பிழையானதென்று அறிந்தே அவ்வாறே எடுத்தாண்டன. பிற்காலத்தில் இதனோடு தொடர்புடைய வேறொரு தலைப்புச் சொல் வகுக்கப்பட்டபோது அதனைச் சரியான எழுத்துக்கூட்டில் அமைத்தனர். இன்று நிரல் எழுதுவோர் ஓரிடத்தில் பிழையாகவும் மற்றோரிடத்தில் சரியாகவும் எழுத நினைவில் கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு நாள் காலையில் ஒரு நொடியில் திருத்தியிருக்கக் கூடியது, பின்னர் உலகமெல்லாம் கூடினாலும் திருத்த இயலாததாயிற்று.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது: பிழையைக் கண்டால் மட்டும் போதாது, காலத்தில் அதைத் திருத்துவதற்கு உரிமை வேண்டும், வழியும் வேண்டும்.

உரிமையைப் பற்றி முதலில் சொல்வோம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் குனு திட்டத்தை அறிவித்து, மென்பொருளைப் பயன்படுத்துவோர்க்கு அதைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை வேண்டுமென்று இயக்கம் தொடங்கினார். நிரல்களுக்கான பொது உரிமம் 1989இல் வெளிவந்தது. ஆயினும் ஒரு குறை எஞ்சியது. நிரலைத் திருத்தலாம், அதை விளக்கும் கையேடோ சில வேளைகளில் பதிப்பகத்தாரின் உடைமையாக இருந்தது. நிரலை மாற்றியவர் கையேட்டை மாற்ற இயலாவிட்டால், கையேடு பொய் சொல்லத் தொடங்கிவிடும். கட்டற்ற இயக்க முறைமைகளின் பெருங்குறை நிரல்களில் இல்லை, திருத்த உரிமையுள்ள நல்ல கையேடுகள் இல்லாமையே என்று ஸ்டால்மன் வாதிட்டார். கையேடுகளுக்கென்றே ஓர் உரிமம் 2000 மார்ச்சில் வெளியாயிற்று.

அவ்வுரிமத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. ஆசிரியர் விரும்பினால் சில பகுதிகளை மாற்றக் கூடாதவை என்று குறிக்கலாம். டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டின் உறுப்பினர்கள் இதைப் பற்றி நெடுநாள் வாதம் புரிந்து, 2006இல் வாக்கெடுப்பு நடத்தினர். மாற்றக் கூடாத பகுதி இல்லாத கையேடுகள் கட்டற்றவை. அத்தகைய பகுதி உள்ளவை கட்டற்றவை அல்ல என்று முடிவாயிற்று. தம்மோடு ஒத்த கொள்கையுடையோரின் ஆவணங்களையே அவர்கள் இவ்வாறு ஒதுக்க நேர்ந்தது. படிப்பவர் கைவைக்க இயலாத பக்கம் ஒன்றேனும் இருத்தல் தகாது என்பதை அவர்கள் அவ்வளவு பெரிதாகக் கருதினர்.

இனி, வழியைப் பற்றி. ஆயிரம் வரிகளுள்ள ஆவணத்தில் ஒரு வரியை மாற்றினால், அந்த மாற்றத்தை மட்டும் எவ்வாறு அனுப்புவது? 1974இல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்பில் ‘டிஃப்’ என்ற நிரல் சேர்ந்தது. இரண்டு பிரதிகளை ஒப்புநோக்கி, வேறுபட்ட வரிகளை மட்டும் அது எடுத்துக் காட்டும். 1985இல் லாரி வால் என்பார் ‘பேட்ச்’ என்ற நிரலை வெளியிட்டார். டிஃப் காட்டிய வேறுபாட்டை மற்றொருவர் பிரதியில் உரிய இடத்தில் பொருத்துவது அதன் பணி. ‘பக்கம், வரி, பிழை, திருத்தம்’ என்ற நம் பழைய பட்டியலை அச்சகத்தின் துணையின்றித் தானே நிறைவேற்றும் கருவி என்று இவ்விரண்டையும் கூறலாம். லாரி வால் மொழியியல் பயின்றவர் என்பது மொழித்துறையினராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. லினஸ் டார்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ், மின்னஞ்சலில் வந்த இத்தகைய ஒட்டுகளால் வளர்ந்தது. 2005இல் அவர் ‘கிட்’ என்ற கருவியை உருவாக்கினார். யார், எந்நாளில், எந்த வரியை, என்ன காரணத்தால் மாற்றினார் என்பதெல்லாம் அதில் பதிவாகும். லினக்ஸ் கருநிரலின் ஆவணத்தில் ஓரெழுத்தைத் திருத்தினாலும், திருத்தியவர் தம் பெயரிட்டு ஒப்பமளிக்க வேண்டும். அந்தப் பெயர் வரலாற்றில் நிலைத்துவிடும்.

உரிமையும் வழியும் கிடைத்தபின், மூன்றாவதாக ஒன்று தேவைப்படுவதை 2020ஆம் ஆண்டு காட்டியது. திறமூலப் பணியை ஊக்குவிப்பதற்காக 2014 முதல் அக்டோபர் மாதந்தோறும் ‘ஹாக்டோபர்ஃபெஸ்ட்’ என்ற இயக்கம் நடந்துவந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் திருத்தங்கள் அனுப்புவோர்க்குச் சட்டை பரிசு. 2020இல், பொருளற்ற மாற்றங்கள் வெள்ளம்போல் வந்து குவிந்தன. கையேட்டின் தலைப்பில் புகழ்ச்சிச் சொல்லொன்றைச் சேர்ப்பதும், இருந்த வாக்கியத்தைக் காரணமின்றி மாற்றுவதும் திருத்தமென்ற பெயரில் நடந்தன. ஊதியமின்றித் தம் ஓய்வு நேரத்தில் உழைக்கும் பராமரிப்பாளர்கள் அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளுவதிலேயே களைத்தனர். அம்மாதத்திலேயே விதி மாற்றப்பட்டு, இசைவு தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்புவது மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டது. நூத் அளித்ததும் பரிசுதான், இதுவும் பரிசுதான். அவர் பிழையை ஆராய்ந்து பரிசளித்தார். இங்கே எண்ணிக்கைக்குப் பரிசளிக்கப்பட்டது. இல்லாத பிழையைத் திருத்துவதும் ஒரு பிழையே அன்றோ?

சொந்த மாநிலத்தை விட்டு பெங்களூரிலும் புணேயிலும் ஐதராபாத்திலும் தில்லியிலும் வாழும் நம்மவர் பலர், கணினித் தொழிலில் இருக்கின்றனர். இல்லாதோர் வீடுகளிலும் அத்தொழிலைக் கற்கும் பிள்ளைகள் இருக்கின்றனர். ஆங்கிலத்திலுள்ள கையேட்டைப் பார்த்துக் கட்டளையைத் தட்டச்சிடும் பிள்ளை, அது நடவாதபோது குறை தன் ஆங்கிலத்தில்தான் என்று எண்ணி வாளாவிருந்துவிடுகிறது. உண்மையில் அச்சிட்ட கட்டளையில் ஒரு சிறு கோடு விடுபட்டிருக்கலாம். ‘ஆகும்’ என்ற இடத்தில் ‘ஆகாது’ என்றிருக்கலாம். அப்பிள்ளை சொல்லாதவரை, அடுத்து வருபவரும் அதே இடத்தில் இடறுவார்.

மொழிபெயர்ப்புப் பணியில் உள்ளோர் நன்கறிந்த ஒன்றுண்டு. பொருள் விளங்காத சொற்றொடரை வாசிப்பவர் தாண்டிச் செல்லலாம். மொழிபெயர்ப்பவர் தாண்ட முடியாது. ஆதலால் மூலத்தின் பிழை பெரும்பாலும் அவர் கையில்தான் அகப்படும். வேற்றுமொழியில் நின்று நின்று படிப்பவர் யாவர்க்கும் இந்தக் கண் வாய்க்கிறது. அதைக் குறையென்று எண்ண வேண்டுவதில்லை. பிழையென்று தோன்றியதை முதலில் கட்டளையை இயக்கிப் பார்த்து உறுதி செய்க. இதற்குமுன் எவரேனும் அதைத் தெரிவித்துள்ளனரா என்று பார்க்க. பிறகு, எது பிழை, எது சரி, ஏன் என்பதை இரண்டே வரியில் பணிவாக எழுதி அனுப்புக. ஏற்பதும் மறுப்பதும் பராமரிப்பவர் பொறுப்பு. தெரிவிப்பது கண்டவர் கடமை.