ஆளில்லாத இரண்டு அறைகள்

ஹாமர்ஷோயையும் ஹாப்பரையும் தனிமையின் ஓவியர்கள் என்று ஒரே கட்டாகக் கட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆளே இல்லாத அறையில் வெயிலை மட்டும் வரைந்த படம் இருவருக்கும் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்தால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது.

டென்மார்க்கின் வில்ஹெல்ம் ஹாமர்ஷோய் 1898 முதல் 1909 வரை கோபன்ஹேகனில் ஸ்ட்ராண்ட்கேட் தெரு 30ஆம் எண் வீட்டில் குடியிருந்தார். அந்த அறைகளையே சலிக்காமல் வரைந்தார். ‘வெயிற்கதிரில் ஆடும் தூசி’ அங்கே 1900இல் தீட்டியது. சாம்பல் நிறச் சுவர், மூடிய கதவு, கட்டம் கட்டமாகக் கண்ணாடி பதித்த சன்னல். வெயில் சாய்வாக இறங்கி அந்தக் கட்டங்களைத் தரையில் விரிக்கிறது. ஆனால் படத்தின் உயிர் தரையிலும் இல்லை, சன்னலிலும் இல்லை. இடையில் உள்ள காற்றில் இருக்கிறது. தூசி மிதப்பதால் ஒளி தரையைத் தொடுமுன்பே கண்ணில் படுகிறது. தூசி எழுந்திருக்கிறது என்றால் யாரோ புழங்குகிற வீடு. பெருக்கிய கை இப்போதுதான் உள்ளே போயிருக்கும்.

அமெரிக்கரான எட்வர்ட் ஹாப்பரின் ‘வெறும் அறையில் வெயில்’ 1963இல் வரையப்பட்டது. இங்கே ஒளி சுவரில் மோதிய பிறகுதான் தெரிகிறது, கத்தியால் வெட்டியதுபோன்ற விளிம்புகளோடு. சன்னலுக்கு வெளியே மரங்கள் நெருக்குகின்றன. உள்ளே தூசி இல்லை, காற்றும் இல்லை என்றே தோன்றுகிறது. இது காலி செய்யப்பட்ட வீடு. கலையாக எது மேல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், குடியிருக்க மாட்டேன் என்றாலும்.

ஆளை வைத்து வரைந்தபோதும் இதே வேறுபாடுதான். இருவருக்கும் மனைவியரே மாடல். ஹாமர்ஷோயின் ஈடா பெரும்பாலும் முதுகைக் காட்டி நிற்கிறார். ஆனால் கையில் ஒரு தட்டோ கடிதமோ, ஏதோ வேலை இருக்கும். ஹாப்பரின் ‘காலை வெயில்’ (1952) படத்தில் கட்டிலில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்குக் கைவேலை எதுவும் இல்லை. வெயில் முகத்தில் நேராக விழுகிறது, அவ்வளவுதான். அதற்கு மாடலாக உட்கார்ந்த ஜோவுக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. படத்தில் அந்த வயது தெரியாது. முன்தயாரிப்பாக வரைந்த கோட்டுச்சித்திரத்தில், அவர் உடலில் எங்கெங்கே என்ன நிறம் விழுகிறது என்று ஹாப்பர் குறித்து வைத்திருக்கிறார். ஒளியை வாங்கிக்கொள்ளும் ஒரு பரப்பாகவே அந்த உடலை அவர் பார்த்திருக்கிறார். 1963இல் அந்த வேலைக்குச் சுவரே போதுமானதாக இருந்தது.