சேர்வராயன் மலைக் காய்ச்சலும் கருகிய புண்ணும்: ஸ்க்ரப் டைபஸ் கண்டறிதலின் வரலாறு

சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் வேலை நவம்பரில் சூடுபிடித்து ஜனவரி வரை நீளும். வடகிழக்குப் பருவமழை இந்த மாதங்களில்தான் பெய்து ஓயும். தோட்ட ஓரங்களில் புதர் மண்டிக் கிடக்கும், எலிகளுக்குக் கொண்டாட்டம். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சலோடு வருவோர் பெருகும் மாதங்களும் இவைதாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தென்னிந்தியாவில் கண்ட நோய்ப்பரவலைப் பற்றி 2003-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே குளிர்மாதங்கள் இடம்பெற்றன. இந்நோய் 'மீண்டும் தலைதூக்கியது' என்று ஆய்வுலகம் சொல்லிவருகிறது. நோய் எங்கும் போகவில்லை, அதைத் தேடும் கண்தான் இடையில் மங்கியது என்பது என் வாசிப்பு.

முதலில் பெயர்ச் சிக்கல். நம் நாளிதழ்கள் இதை 'உண்ணிக் காய்ச்சல்' என்கின்றன. உண்ணி என்றதும் மாட்டின் மடியிலும் நாயின் காதிலும் தொங்கும் பருத்த உயிரிதான் நினைவுக்கு வரும். ஸ்க்ரப் டைபஸைத் தருவது அதுவன்று. மைட் எனப்படும் சிற்றுயிரியின் இளம்பருவம், ஆறு கால்கள், ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. அது குடிப்பது இரத்தத்தைக்கூட அன்று, திசுநீரை. கடித்த இடம் வலிக்காது. 'உண்ணி கடிச்சுதா?' என்று மருத்துவர் கேட்டால் 'இல்லீங்க' என்று தோட்டத் தொழிலாளி சொல்வது பொய்யில்லை.

உண்மையான உண்ணி பரப்பும் நோய்களில் உலகம் அதிகம் பேசுவது லைம் நோயை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரைச் சுற்றிக் குழந்தைகள் பலருக்கு மூட்டுவீக்கம் வர, ஆலன் ஸ்டீர் குழுவினர் 1977-இல் அதை விவரித்தனர். வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியின் உடலில் கண்ட சுருள் கிருமி 1982-இல் அறிவிக்கப்பட்டது. கர்நாடகத்தின் நாகரகோளே, பந்திப்பூர் காட்டுப்பகுதிகளில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் லைம் கிருமிக்கான எதிர்ப்பொருள் காணப்பட்டது. எதிர்ப்பொருள் இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு. ஆனால் லைமும் ஸ்க்ரப் டைபஸும் ஓரிடத்தில் கைகோத்துக்கொள்கின்றன: இரண்டிலும் இரத்தம் பேசுவதற்கு முன்பே தோல் பேசிவிடுகிறது. லைமில் அது விரிந்து பரவும் சிவப்பு வட்டம். ஸ்க்ரப் டைபஸில் எஸ்கார் என்னும் கருகிய புண்.

இந்தியாவில் டைபஸ் ஆய்வின் தொடக்கமும் ஒரு மலையில்தான். ஜான் மெகாவ் என்ற இராணுவ மருத்துவர், குமாவூன் மலைப்பகுதியில் உண்ணி கடித்தபின் தமக்கே வந்த காய்ச்சலை 1917-இல் பதிவு செய்தார். பேன், தெள்ளு, உண்ணி, மைட் எனப் பரப்பும் உயிரியைக் கொண்டு டைபஸ் காய்ச்சல்களை வகைப்படுத்தும் யோசனையும் அவருடையது. அதற்கு ஓராண்டு முன், 1916-இல், வைல், ஃபெலிக்ஸ் இருவரும் ஒரு விந்தையைக் கண்டிருந்தனர்: டைபஸ் நோயாளியின் இரத்தநீர், நோய்க்குச் சம்பந்தமே இல்லாத புரோட்டியஸ் என்னும் பாக்டீரியாவைத் திரளச் செய்தது. அந்தத் தற்செயல்தான் வைல்-ஃபெலிக்ஸ் சோதனை.

அடுத்த தற்செயல் கோலாலம்பூரில். கிங்ஸ்பரி என்பவர் கொண்டுவந்த புரோட்டியஸ் வகையொன்று, நகரத்து டைபஸுக்கு இணங்காமல் புதர்க்காட்டு டைபஸுக்கு, அதாவது ஸ்க்ரப் டைபஸுக்கு, மட்டும் இணங்கியது. 1920-களின் நடுவில் ஃபிளெட்சரும் லெஸ்லாரும் இதைக் கொண்டே இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று பிரித்தனர். 'ஓஎக்ஸ் கே' என்ற சோதனைப் பெயரின் கடைசி எழுத்து கிங்ஸ்பரியைக் குறிக்கிறது. காடழித்த நிலத்தில் எழுந்த மலாயாத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் தமிழர்கள் மிகப் பலர். சேலம் மாவட்டத்திலிருந்து கப்பலேறியவர்களும் அவர்களில் உண்டு. ஏற்காட்டின் நிலக்கதையும் அதே சாயல்தான். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து, காடும் தோட்டமும் உரசும் ஓரங்கள் இம்மலையில் நீண்டபடி உள்ளன. மைட் விரும்புவது அடர்காட்டையோ உழுத வயலையோ அன்று, இந்த ஓரங்களைத்தான்.

1948-இல் அதே கோலாலம்பூரில் ஸ்மேடல் குழுவினர் குளோரம்ஃபெனிக்காலைக் கொடுத்தபோது, வாரக்கணக்கில் எரியும் காய்ச்சல் ஒன்றிரண்டு நாளில் தணிந்தது. மருத்துவ வெற்றிதான். ஆனால் இங்கேதான் நோய் கண்ணிலிருந்து மறையத் தொடங்கியது என்று நினைக்கிறேன். அந்நாளில் டைஃபாய்டு என்று ஐயப்பட்டாலே குளோரம்ஃபெனிக்கால் எழுதினார்கள். ஸ்க்ரப் டைபஸாக இருந்தாலும் அது குணமாகிவிடும், சீட்டில் டைஃபாய்டு என்றே நிற்கும். பிறகு டைஃபாய்டு மருந்து மாறியது. செஃபலோஸ்போரின் வகை ஊசிகள் வந்தன. செல்லுக்குள் ஒளிந்து வாழும் இந்தக் கிருமியிடம் அவை பலிப்பதில்லை. ஊசி போட்டும் இறங்காத காய்ச்சலோடு, நுரையீரலும் சிறுநீரகமும் தளர்ந்தபின் நோயாளிகள் பெரிய மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்தனர். இதைக் கருதுகோளாகவே முன்வைக்க வேண்டும் என்றாலும், காலவரிசை பொருந்துகிறது.

வேலூரில் காரணம் தெரியாத கடுங்காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட 398 பெரியவர்களை ஆராய்ந்து 2010-இல் வெளியான கட்டுரையில், 47.5 விழுக்காட்டினருக்கு ஸ்க்ரப் டைபஸ். மலேரியா 17.1 விழுக்காடு. டெங்கு அதற்கும் கீழே. இந்த வரிசையைப் பார்த்த பிறகும், காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவையே நினைப்பது நம் பழக்கமாக இருக்கிறது.

சோதனைகள் வளர்ந்தன. வைல்-ஃபெலிக்ஸ் பல நோயாளிகளைத் தவறவிட்டதால் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் எலைசா சோதனை அதன் இடத்தைப் பிடித்தது. ஆனால் எதிர்ப்பொருள் உருவாகச் சில நாள் ஆகும். முதல் வாரத்தில் எலைசாவும் ஏமாற்றலாம். கருகிய புண் அப்போதே உடலில் இருக்கும். வேலூர் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அது காணப்பட்டது. அக்குள், இடுக்கு, ஆண்களுக்குப் பிறப்புறுப்புப் பகுதி, பெண்களுக்கு மார்பின் அடிப்பகுதியும் வயிறும் அது ஒளியும் இடங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு என்று பாடநூல் சொல்லும்; வியர்க்கும் மடிப்புகளில் பொருக்கு ஊறி உதிர்ந்து வெறும் சிறு புண்ணாகத் தெரியும். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில், சேலை கட்டிய பெண்ணை முழுமையாகப் பார்க்கத் திரையும் இல்லை, நேரமும் இல்லை. இது அறிவியல் குறையன்று, அறை அமைப்பின் குறை.

குணமடைதலின் கதை லைமிலிருந்து விலகுகிறது. லைமில் மருந்து முடிந்தும் சிலரிடம் களைப்பும் வலியும் தங்கும். அதற்காகத் தொண்ணூறு நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தும் வெற்று மருந்தைவிடப் பயனில்லை என 2001-இல் கிளெம்ப்னர் குழு காட்டியது. ஸ்க்ரப் டைபஸில் டாக்ஸிசைக்ளின் தொடங்கிப் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விடும். விடும் வேகமே நோயை உறுதிப்படுத்தும் சான்றாகவும் பயன்படுகிறது. முற்றிய நோய்க்கு எது சிறந்த மருந்து என்பதற்கு 2023-இல்தான் விடை வந்தது. ஜார்ஜ் எம். வர்கீஸ் தலைமையில் இந்திய மருத்துவமனைகள் ஏழில் 794 பேரிடம் நடந்த ஆய்வில் டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பு வழி பெற்றவர்களில் 33 விழுக்காட்டினருக்கே மரணம், நீடித்த சிக்கல், தணியாத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தது. ஒற்றை மருந்து பெற்றவர்களில் 47, 48 விழுக்காடு. ஆனால் மரணத்தைத் தனியே எடுத்தால் மூன்று பிரிவுகளுக்கும் இடையே தெளிவான வேறுபாடில்லை. தாமதமாக வந்ததை எந்த மருந்தும் முழுதாக ஈடுகட்டுவதில்லை என்றே இதை நான் வாசிக்கிறேன்.

இரு நோய்களுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு: எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் இரத்தத்தில் தங்கும். ஆகவே குணமானாரா என்று பார்க்க எலைசாவைத் திரும்பச் செய்வது வீண்செலவு; போன ஆண்டுத் தொற்று இந்த ஆண்டுக் காய்ச்சலின் பழியை ஏற்றுக்கொள்ளவும் கூடும்.

ஏற்காடு போய்வரும் வாசகருக்கு ஒரு சொல். மைட் கடித்து நோய் வெளிப்பட ஏறக்குறைய பத்து நாள் ஆகும். அதற்குள் மலையை நீங்களே மறந்திருப்பீர்கள். காய்ச்சல் வந்து மருத்துவரிடம் போனால், மலையில் புதரோரம் உட்கார்ந்ததைச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும் முன் அக்குளையும் இடுக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.