விஸ்கான்சின் 15: ஒரு படைப்பிரிவின் மறைவு

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களுக்காகப் போரிட்ட விஸ்கான்சின் 15-ஆம் காலாட்படைப் பிரிவு, 1865 பிப்ரவரியோடு இல்லாமல் போனது. மூன்றே ஆண்டு ஆயுள். சுமார் 900 பேர் அதில் பணியாற்றினார்கள். பெரும்பாலோர் நார்வேயில் பிறந்து, பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்கள். ஏறக்குறைய மூவரில் ஒருவர் வீடு திரும்பவில்லை.

அதைத் திரட்டியவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹெக். 1840-இல் சிறுவனாக அமெரிக்கா வந்தவர்; அடிமைமுறையை மனதார வெறுத்தவர். 1861-இல் ‘எமிக்ராண்டன்’ என்ற நார்வேஜியப் பத்திரிகை மூலம் தம் மக்களைப் படைக்கு அழைத்தார். காட்டைத் திருத்திக் கழனியாக்கிக்கொண்டிருந்த இளைஞர்கள் மாதம் 13 டாலர் சம்பளத்துக்கு மேடிசன் நகர முகாமில் வந்து சேர்ந்தார்கள். ‘செயின்ட் ஓலாஃப் ரைபிள்ஸ்’, ‘நார்வே கரடி வேட்டைக்காரர்கள்’ என்றெல்லாம் தங்கள் கம்பெனிகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். கிளாவ்சன் என்ற லூத்தரன் பாதிரியார் உடன் சென்றார்.

ஓலே என்ற பெயருடையவர்கள் மட்டும் நூற்றுக்கும் மேல். தகப்பன் பெயரும் ஓலே என்றால் மகன் ஓலே ஓல்சன். அப்படியும் பலர் இருந்தார்கள். இறந்தது எந்த ஓலே ஓல்சன் என்று பட்டியலில் சரியாகக் குறித்தால்தான் இழவுச் செய்தி சரியான வீட்டுக்குப் போய்ச் சேரும்.

இந்தப் படையினரைக் குண்டுகளைவிட நோய்தான் அதிகம் கொன்றது. 1862 வசந்தத்தில் மிசிசிப்பி ஆற்றின் பத்தாம் எண் தீவை ஒட்டிய சதுப்பு நிலத்தில் கிடந்தபோதே பலர் படுத்துவிட்டார்கள். காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தவனுக்கு யாரும் வீரகாவியம் பாடுவதில்லை. ஆனால் அவனும் அதே சீருடையில்தான் செத்தான்.

1862-இன் கடைசி நாளில் ஸ்டோன்ஸ் ரிவர் போரில் துணைத் தளபதி மக்கீ விழுந்தார். 1863 செப்டம்பர் 19 அன்று ஜார்ஜியாவின் சிக்கமாகாவில் ஹெக் வயிற்றில் குண்டடிபட்டு மறுநாள் இறந்தார், வயது 33. அங்கே சிறைப்பட்ட வீரர்களில் சிலர் பின்னர் ஆண்டர்சன்வில் சிறை முகாமில் பட்டினியிலும் நோயிலும் மடிந்தார்கள். படைவீரனின் விதவைக்கு அரசு கொடுத்த ஓய்வூதியம் மாதம் 8 டாலர். அதை வைத்துக்கொண்டுதான் அவள் பிள்ளைகளையும் நிலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மூன்றாண்டு ஒப்பந்தம் முடிய முடிய ஒவ்வொரு கம்பெனியாகக் கலைக்கப்பட்டது. தவணை முடியாத சிலர் வேறு விஸ்கான்சின் படைகளுக்கு மாற்றப்பட்டார்கள். நல்லபடியாகப் பணி முடித்த அந்நியர் ஓராண்டு அமெரிக்காவில் வசித்திருந்தாலே குடியுரிமை கேட்கலாம் என்று 1862 சட்டம் வழிசெய்திருந்தது.

மேடிசனில் 1920-களில் ஹெக்குக்குச் சிலை வைத்தார்கள். 2020-இல் நடந்த ஒரு கலவரத்தில் அதை வீழ்த்தினார்கள். மறு ஆண்டே மீண்டும் நிறுத்தினார்கள். தளபதிக்கு அது தகும். அவர் பின்னால் போனவர்களுக்கும் ஒரு நன்றிக் கடன் பாக்கி இருக்கிறது. அந்தத் தேசத்தின் மொழி வாயில் படியும் முன்பே, அங்கே அடிமைப்பட்டிருந்தவர்களின் விடுதலையில் முடிந்த போருக்குத் தங்கள் உடலைக் கொடுத்தவர்கள் அவர்கள். வந்தேறிகளிடம் விசுவாசத்துக்குச் சான்று கேட்கும் எந்த நாடும் இந்தப் படையின் பெயர்ப் பட்டியலை ஒருமுறை படிக்க வேண்டும்.