குடும்பம் என்றால் என்ன? பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியது பள்ளியா, வீடா?

"உன் குடும்பத்தை வரைந்து வா." ஒன்றாம் ஆண்டில் இந்த வீட்டுப்பாடம் உங்களுக்கும் கிடைத்திருக்கும். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை என்று நாலு பெட்டி. பினாங்கில் இருக்கும் 28 தமிழ்ப்பள்ளிகளிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் பெட்டிகள் பொருந்துமா?

பொருந்தாது. தனித்து வாழும் தாயின் பிள்ளை, பாட்டி வளர்க்கும் பிள்ளை, இல்லத்தில் தங்கிப் படிக்கும் பிள்ளை, அப்பா தமிழர், அம்மா சீனர் என்ற 'சிண்டியன்' பிள்ளை எல்லாரும் ஒரே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜார்ஜ்டவுனுக்கு இது புதுசும் இல்லை. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் மலாய்ப் பெண்களை மணந்ததில் உருவான ஜாவி பெரானாக்கான் சமூகம் இங்கே பல தலைமுறைப் பழசு. சீனக் குடும்பங்கள் கொடுத்துவிட்ட பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்த தமிழ்க் குடும்பங்களும் நாடு முழுக்க உண்டு. சேலை கட்டி, சரளமாகத் தமிழ் பேசும் சீனப் பாட்டியை நீங்களே எங்காவது பார்த்திருப்பீர்கள்.

பள்ளியில் என்ன இருக்கிறது?

குடும்பம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. 'பியர்ஸ்' எனப்படும் இனப்பெருக்க, சமூக நலக்கல்வியில் குடும்பவியல் ஒரு பகுதி. முஸ்லிம் அல்லாத மாணவர்கள் படிக்கும் நன்னெறிக்கல்வியிலும் குடும்பம் வருகிறது. ஆனால் குடும்பத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது வேறு, குடும்பம் எத்தனை விதமாக இருக்கலாம் என்பது வேறு. இரண்டாவதைச் சொல்வது பெரும்பாலும் ஆசிரியர் கையில்தான்.

வெளிநாடுகளில் இதே கேள்வி பெரிய சண்டையாகியிருக்கிறது. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் முதல் தொடக்கப்பள்ளிகளில் உறவுக்கல்வி கட்டாயம். பெற்றோர் பிள்ளையை அதிலிருந்து விலக்க முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 2025 ஜூனில், மேரிலாந்து வழக்கு ஒன்றில், ஒருபாலின உறவுகள் பற்றிய கதைப் புத்தகப் பாடங்களிலிருந்து பிள்ளைகளை விலக்கக் கேட்ட பெற்றோர் பக்கம் நின்றது. மலேசியச் சட்டம் ஒருபாலினத் திருமணத்தை ஏற்பதில்லை என்பதால் இங்கே பேச்சு வேறு திசையில் போகிறது.

"வீட்டிலேயே சொல்லிக்கிறோம்"

நியாயமான பேச்சுதான். ஆனால் 'வீடு' என்றால் யார்? ஈப்போ பாலர்பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகளை 2009இல் அவருடைய கணவர் தன்னிச்சையாக மதம் மாற்றினார். அது செல்லாது, தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29இல் தீர்ப்பளித்தது. வழக்கு மதம் பற்றியது. இருந்தாலும், பிள்ளை விஷயத்தில் 'பெற்றோர்' என்பது ஒரே ஆள் இல்லை என்பதை நாடே அன்று கவனித்தது.

இன்னொன்று, நம் வீடுகளில் இதைப் பேசுவதே குறைவு. 'சித்தி' என்ற ஒரே சொல்லை அம்மாவின் தங்கைக்கும் அப்பாவின் இரண்டாவது மனைவிக்கும் வைத்திருக்கிறோம். எந்தச் சித்தி என்று பிள்ளை கேட்டால், "போய் விளையாடு" என்போம்.

வேலையை இப்படிப் பிரிக்கலாம் என்று தோன்றுகிறது. பிள்ளையின் சொந்தக் கதையை வீடுதான் முதலில் சொல்ல வேண்டும். "உன்னை எடுத்து வளர்த்தோம்" என்பதை ஆசிரியர் சொல்ல முடியாது. மற்றவர்களின் குடும்பத்தைப் பற்றிப் பள்ளி சொல்ல வேண்டும், "உனக்கு அப்பா இல்லையா?" என்று வகுப்பே கேலி செய்தால், அதை எந்த அம்மாவாலும் வீட்டிலிருந்து தடுக்க முடியாது.

எப்போது சொல்வது?

12 வயதில் மைகார்ட் எடுக்க வேண்டும். பிறப்புப் பத்திரம் வெளியே வரும். திருமணப் பதிவு இல்லாத தாய்க்குப் பிறந்த பிள்ளை என்றால், 1957ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி, தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டால்தான் தந்தை பெயர் பதிவாகும். கேட்கவில்லை என்றால் அந்த இடத்தில் பெயர் இருக்காது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு மலாய் நன்றாகவே வாசிக்கத் தெரியும். பதிவிலாகா முகப்பில் நின்று அதை முதன்முதலாக வாசிக்க வைக்காதீர்கள்.