நீலகிரியில் டிரௌட் மீன்: கோடைத் தூண்டிலும் குடியேற்ற வரலாறும்

தமிழர் வாழ்வியலில் தூண்டில் தொன்மைமிக்க கருவியாகும். தூண்டில் இரையைக் கவ்விய வரால் மீனின் காட்சியோடு அகநானூற்றின் 36ஆம் பாடல் தொடங்குவதை நாம் அறிவோம். அவ்வராலே மலாய் மொழியில் ஆருவான் என வழங்கப்படுகிறது. கோலா சாவா முதலான நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களிலும் ஓடைகளிலும் கால்வாய்களிலும் தூண்டிலுக்கு அகப்படும் மீன் அதுவேயாகும். திணை மரபை நோக்குவோமாயின், மீன் நெய்தலுக்கும் மருதத்திற்கும் உரியதாகவும் வேட்டை குறிஞ்சிக்கு உரியதாகவும் அமைந்திருப்பதைக் காணலாம். இவ்வமைப்பிற்கு மாறாக, மலையுச்சி நீரோடைகளில் கோடைக்காலத்தில் தூண்டிலிடும் பழக்கமொன்று தமிழ்நிலத்தில் உருவாயிற்று. அதன் வரலாற்றையும் அதில் புதைந்து கிடக்கும் சமூகப் பொருளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பழக்கத்தின் மையமாக விளங்குவது டிரௌட் மீனாகும். குளிர்ந்த, தெளிந்த, உயிர்வளி மிகுந்த ஓடும் நீரிலேயே அது செழித்து வாழும். ஆங்கிலேயர் அதனைப் பிடிக்கக் கையாண்ட முறையும் தனித்தன்மை வாய்ந்தது. கொக்கியின்மீது இறகையும் நூலையும் பூச்சியின் வடிவில் கட்டி, அப்பொய்யிரையை நீர்ப்பரப்பின்மீது மெல்ல விழச் செய்வர். பொய்யிரைக்கு எடையில்லை, ஆதலின் கனமான கயிற்றையே கோலின் வீச்சால் முன்செலுத்த வேண்டும். உணவுத் தேவையைவிடத் திறனுக்கும் பொழுதுபோக்கிற்கும் முதன்மை தரும் முறை இது எனலாம்.

சென்னை மாகாண அரசின் உயரதிகாரிகள் கோடையில் உதகமண்டலம் சென்று தங்குவதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். நீலகிரி மேட்டுநிலத்தின் குளிர் அவர்களுக்குத் தாயகத்தை நினைவூட்டிற்று. ஆயினும் அங்குள்ள ஓடைகளில் அவர்கள் விரும்பிய மீன் இல்லை. இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை 1875 முதல் வெளியிட்ட பிரான்சிஸ் டே, 1860களிலேயே டிரௌட்டை நீலகிரிக்குக் கொணர முயன்று தோல்வியுற்றார். அக்காலத்தே 1864ஆம் ஆண்டில், பனிக்கட்டியிலும் பாசியிலும் பொதிந்த டிரௌட் முட்டைகள் கப்பல்வழித் தாசுமேனியாவை உயிரோடு அடைந்திருந்தன. எனவே, வெப்ப மண்டலக் கடற்பயணத்தில் முட்டைகளைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதே இம்முயற்சிகளின் வெற்றி தோல்வியை முடிவுசெய்தது எனலாம்.

இங்குக் கருதத்தக்க செய்தியொன்று உண்டு. டிரௌட் நீலகிரியில் நிலைபெறுவதற்கு முன்னரே, 1879ஆம் ஆண்டில் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பிற நாட்டிலிருந்து கொணர்ந்து பழக்கப்படுத்தப்பட்ட மீன்களுக்கும் அது பாதுகாப்பளித்தது. அதாவது, குடியேறிய மீனுக்குச் சட்டப் பாதுகாப்பு முன்கூட்டியே ஆயத்தமாயிருந்தது. அதே நேரத்தில் வேட்டையும் மீன்பிடிப்பும் விதிகளுக்குள் அடங்கலாயின.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முயற்சி அரசுத் துறையொன்றின் பணியாயிற்று. சர் பிரெடரிக் நிக்கல்சன் முன்னின்று உருவாக்கிய சென்னை மாகாண மீன்வளத் துறை 1907இல் தோன்றியது. அதே ஆண்டில் எச்.சி. வில்சனின் பொறுப்பில் அவலாஞ்சியில் குஞ்சுபொரிப்பகம் அமைந்தது. 1909-1910 காலப்பகுதியில் இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து முட்டைகள் தருவிக்கப்பட்டன. பழுப்பு டிரௌட் நிலைக்கவில்லை. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குரிய வானவில் டிரௌட்டே நிலைபெற்றது. பின்னர் 1950களிலும் 1960களிலும் கனடாவின் உதவியுடன் நிறைவேறிய குந்தா நீர்மின் திட்டம் அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி ஆகிய நீர்த்தேக்கங்களைத் தோற்றுவித்தது. ஓடைகளின் மீன் ஏரிகளின் மீனாகவும் ஆயிற்று.

முட்டைகள் வந்த நாடுகளுள் இலங்கை நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி ஆகிய மலைப்பகுதிகளில் 1880களிலிருந்தே டிரௌட் விடப்பட்டு வந்தது. அம்மலைச்சரிவுகளில் தேயிலையை விளைவித்தோர் கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்களே. மூணாற்றிலும் இந்நிலையே காணப்பட்டது. துரைமார்கள் டிரௌட் வளர்த்துத் தூண்டிலிட்ட நீர்நிலைகளைச் சூழ்ந்திருந்த தோட்டங்களில் உழைத்தோர் பெரும்பாலும் தமிழரேயாவர். இவ்வாறு தோட்டமும் தூண்டிலும் ஒரே மலையில், ஒரே காலத்தில் வளர்ந்தன. ஒன்று உழைப்பின் களம். மற்றொன்று ஓய்வின் களம்.

இவ்விரு குடியேற்றங்களும் பிற்காலத்தில் எங்குச் சென்று முடிந்தன என்பதை ஒப்பிடுதல் வேண்டும். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பலரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்க உடன்பட்டது. தாயகம் திரும்பியோருக்கு வாழ்வளிக்க, 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கத் தொடங்கியது. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் அம்மக்கள் பலர் குடியமர்ந்தனர். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் இலங்கையிலிருந்து மீன்முட்டைகள் ஏறிய அதே நீலகிரிக்கு, இலங்கையிலிருந்து மனிதரும் ஏறினர். மீனுக்குக் குளிர்ச்சியும் காவலும் சட்டமும் முன்னரே காத்திருந்தன. மனிதருக்கோ சட்டமே வேரைப் பறித்தது. புகலிடம் பின்னரே கிட்டியது.

காலப்போக்கில் டிரௌட்டின் நிலையும் மாறிற்று. இன்று சூழலியலார் அதனை அயல் உயிரினமாகவே கருதுகின்றனர். 1988இல் ஹோர்ட்டன் சமவெளியும் 1990இல் முக்குருத்தியும் தேசியப் பூங்காக்களாயின. ஒரு காலத்தில் சட்டம் போற்றிய மீன், பிறிதொரு காலத்தில் உள்ளூர் உயிர்களுக்கு ஊறு விளைக்கக்கூடியதாக மதிப்பிடப்படுகிறது. எது நிலத்துக்குரியது, எது அயலது என்னும் வரையறை இயற்கையால் மட்டுமன்றி அதிகாரத்தாலும் காலத்தாலும் வகுக்கப்படுகிறது என்பதற்கு இது சான்றாகும்.

மேற்கூறியவற்றால், பொழுதுபோக்கின் வரலாறும் தோட்டத் தொழிலாளர் வரலாற்றிலிருந்து பிரிக்கவியலாதது என்பது தெளிவாகும். மலேசியத் தோட்டத் தமிழரின் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கூலி, கங்காணி, லயம் ஆகியவற்றோடு நின்றுவிடாமல், துரைமாரின் மன்றம், வேட்டை, தூண்டில் ஆகியவற்றையும் பாடப்பொருளாகக் கொள்ளுதல் நலம். ஒரு சமூகம் எவ்வாறு உழைத்தது என்பதோடு, அதன் உழைப்பின்மீது யார் ஓய்வெடுத்தனர் என்பதையும் அறியும்போதே அவ்வரலாறு முழுமை பெறும்.